குடலிடம் தோற்ற ஆய்வகப் பை

1889இல் மிக்குலிச் என்ற அறுவை மருத்துவர் சிறுகுடலில் ஒரு துண்டை எடுத்து நோயாளியின் சிறுநீர்ப்பையோடு வைத்துத் தைத்தார். சுருங்கிப்போன பையைப் பெரிதாக்க இன்றும் மருத்துவர்கள் நம்பியிருப்பது குடலைத்தான். இத்தனைக்கும் அது தொல்லை பிடித்த வழி. உறிஞ்சுவது குடலின் சுபாவம். சிறுநீரோடு போக வேண்டியதையும் திரும்ப இழுத்துக்கொண்டு இரத்தத்தில் அமிலத்தைக் கூட்டிவிடுகிறது. அது சுரக்கும் சளியைச் சுற்றிக் கல் கட்டுகிறது. பல ஆண்டுகள் கழித்துச் சிலருக்குப் புற்றுநோயும் வந்திருக்கிறது. அதனால்தான் 2006இல் மருத்துவர் அந்தோனி அட்டாலாவின் குழு லான்செட் இதழில் எழுதிய கட்டுரை அவ்வளவு நம்பிக்கையைக் கிளப்பியது. முதுகுத்தண்டு மூடாமல் பிறந்ததால் சிறுநீர்ப்பை இறுகிப்போன ஏழு பேர், 4 முதல் 19 வயதுக்குள். அவரவர் பையிலிருந்தே சிறு துண்டை வெட்டியெடுத்து, செல்களைப் பிரித்து வளர்த்து, உடலில் கரைந்துவிடும் அச்சின் வெளிப்புறத்தில் தசைச் செல்களையும் உட்புறத்தில் உட்படலச் செல்களையும் படியவிட்டார்கள். சுமார் ஏழு வாரத்தில் புதுப் பை பொருத்தத் தயார்.

இதன் பலவீனம் அந்தக் கட்டுரையிலேயே இருந்தது என்பது என் வாதம். குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புச் சவ்வால் சுற்றி வைத்த பைகளே மேலான பலன் தந்தன. அந்தச் சவ்வில் இரத்தக் குழாய்கள் ஏராளம். குடல் துண்டு தன் இரத்த ஓட்டத்தோடு வந்து சேர்கிறது. ஆய்வகப் பையோ புதுக் குழாய்கள் முளைக்கும்வரை பட்டினி கிடக்கிறது. 2014இல் வெளியான அடுத்த கட்டச் சோதனையில், சவ்வால் சுற்றியும்கூட, பத்துக் குழந்தைகளில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. பக்கவிளைவுகளும் ஏற்கத்தக்க அளவைத் தாண்டின. சோதனையை நடத்திய டென்ஜியான் நிறுவனம் அதே ஆண்டு திவாலானது.

நோயுற்ற பையிலிருந்து எடுத்த செல்கள்தானே, அவை தோற்றதில் என்ன வியப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1999இல் ஆய்வகப் பையை நாய்களுக்குப் பொருத்திக் கண்ட வெற்றி நோயில்லாத பைகளில் கிடைத்தது. ஆனால் செல்லை மட்டும் குற்றம் சொன்னால், சவ்வு சுற்றியதும் சுற்றாததும் 2006இல் ஏன் வேறுபட்டன என்பதற்கு விடை கிடைக்காது. மெக்சிகோவில் ஐந்து சிறுவர்களுக்கு இதே முறையில் செய்து பொருத்திய சிறுநீர்க் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக வேலை செய்ததாக 2011இல் லான்செட்டே வெளியிட்டது. அந்தக் குழாய் மெல்லியது. பக்கத்துத் திசுவிலிருந்தே அதற்குப் பிராணவாயு எட்டிவிடும். பெரிய பைக்கு அது போதாது. ஆய்வகத்தில் உறுப்பு வளர்ந்துவிட்டதென்று இனி செய்தி வந்தால், அதற்கு இரத்தம் எந்த வழியாகப் போகிறது என்று முதலில் கேளுங்கள்.