சமையலறையில் தொடங்கிய சத்தம்: ஹெட்ஃபோனைத் திறந்து பார்த்தவர்களின் கதை

இந்த எபிசோடை நீங்க ஹெட்ஃபோன்ல கேட்டுக்கிட்டு இருந்தா, ஒரு சின்ன வேலை செய்யுங்க. ரெண்டு பக்கக் குஷனையும் கையால் லேசாகக் காதோடு அழுத்திப் பிடிங்க. என் குரல் கொஞ்சம் கனமாகக் கேட்கும். இப்போ கையை எடுங்க. குரல் மெலிஞ்சிடும். ஹெட்ஃபோன் அதேதான், விலையும் அதேதான். மாறியது குஷனுக்கும் காதுக்கும் நடுவில் இருந்த இடைவெளி மட்டும்தான். பாஸ் என்று நாம் சொல்லும் தாழ்ந்த ஒலி அந்த இடைவெளி வழியாகக் கசிந்து போய்விடுகிறது.

அப்படின்னா, நாம காசு கொடுத்து வாங்குற 'நல்ல சத்தம்' எங்கே இருக்கு? உள்ளே இருக்கும் சின்ன ஸ்பீக்கரிலா, இல்லை அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கிலும் பஞ்சிலும் காற்றிலுமா? இந்தக் கேள்விக்குப் பெரிய ஆய்வுக்கூடங்களில் மட்டும் விடை தேடவில்லை. வீட்டு மேஜையிலும் தேடியிருக்கிறார்கள். இன்னிக்கு அவங்க கதை.

முதலில் 1910-க்குப் போவோம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியேல் பால்ட்வின் என்பவர் தான் செய்த ஹெட்ஃபோனை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பி வைக்கிறார். அப்போது கம்பியில்லாத் தந்தியில் வரும் சமிக்ஞைகள் மிக மெல்லியவை, காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். கடற்படை சோதித்துப் பார்த்தது. ஏற்கெனவே கையில் இருந்ததை விட இது நன்றாகவே கேட்டது. சரி, நிறையச் செய்து கொடுங்கள் என்று கேட்டால், ஒரு நேரத்தில் பத்துதான் முடியும் என்கிறார் மனிதர். காரணம், அவருடைய தொழிற்சாலை வீட்டுச் சமையலறை! ஆக, ஹெட்ஃபோனை வீட்டில் வைத்துக் குடைவது இன்றைய இளைஞர்கள் கண்டுபிடித்த பொழுதுபோக்கு இல்லை. ஹெட்ஃபோன் வளர்ந்ததே அப்படித்தான்.

அடுத்தது ஸ்பீக்கர் பற்றிய கதை. ஆனா இதைச் சொல்லாம மேலே போக முடியாது. 1978-இல் யமஹா நிறுவனம் என்எஸ்-10 என்ற ஸ்பீக்கரை வீட்டு உபயோகத்துக்காகக் கொண்டு வந்தது. வீடுகளில் அது பெரிதாக எடுபடவில்லை. ஒலிப்பதிவுக் கூடங்கள் எடுத்துக்கொண்டன. ஒரே தொல்லை, ட்ரெபிள் காதைக் குத்தியது. இன்ஜினியர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? உயர்ந்த ஒலியைத் தரும் சின்ன ஸ்பீக்கரின் மேல் டிஷ்யூ பேப்பரை ஒட்டிவிட்டார்கள். எந்த டிஷ்யூ நல்லது என்று வாக்குவாதம் கிளம்ப, பாப் ஹோடாஸ் என்ற இன்ஜினியர் 1986-இல் பல வகை டிஷ்யூக்களை அளந்தே பார்த்துவிட்டார். மறுவருடம் யமஹாவே ட்ரெபிளை அடக்கிய புது வடிவத்தை வெளியிட்டது.

இதே டிஷ்யூ வித்தையைத்தான் மலிவான ஹெட்ஃபோன் வைத்திருக்கிறவர்களும் செய்கிறார்கள். குஷனைக் கழற்றி, ஸ்பீக்கருக்கு முன்னால் மெல்லிய தாளையோ கொஞ்சம் பஞ்சையோ வைத்தால், 'ஸ்' 'ச்' என்று குத்தும் எழுத்துகள் தணிந்துவிடும்.

இன்னும் ஆழமாகப் போனவர்களும் உண்டு. ஜப்பானின் ஃபாஸ்டெக்ஸ் நிறுவனத்துக்கு டி50ஆர்பி என்று ஒரு ஸ்டூடியோ ஹெட்ஃபோன். கூம்புக்குப் பதிலாக, காந்தங்களுக்கு நடுவே அதிரும் தட்டையான மெல்லிய படலம் அதில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அந்த வகையில் மற்றவை விலை அதிகம், இது சுமார் 100 டாலருக்கே கிடைத்தது. குறை எல்லாம் கூட்டில்தான். படலத்தின் பின்பக்கச் சத்தம் பிளாஸ்டிக் கிண்ணத்தில் மோதித் திரும்பி, முன்பக்கச் சத்தத்தைக் குழப்பியது. ஆர்வலர்கள் ஸ்க்ரூவைக் கழற்றினார்கள். கிண்ணம் அதிராமல் இருக்கக் களிமண் அப்பினார்கள். எதிரொலியைக் குடிக்கப் பஞ்சு வைத்தார்கள். காற்றுத் துளைகளை டேப்பால் பாதி மூடி, பாஸைச் சரிசெய்தார்கள்.

அவர்களில் ஒருவர் அமெரிக்காவின் டேன் கிளார்க். 2012-இல் இப்படி மாற்றிய ஹெட்ஃபோனை 'மேட் டாக்' என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். அடுத்து, கிண்ணத்தையே முப்பரிமாண அச்சில் செய்தார். 2015-இல் சொந்தப் படலத்தோடு 'ஈத்தர்' வந்தது. இன்று அவர் நிறுவனத்தின் ஹெட்ஃபோன்கள் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகின்றன. மலிவுப் பொருளைத் திறந்து பார்த்தவர் விலை உயர்ந்த பொருள் செய்பவராக ஆகிவிட்டார். இதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனா அந்த விலை எதற்கு என்று நாம் கேட்கத்தான் வேண்டும்.

கேட்டவர் ஒருவர் உண்டு. 2017-இல் யெரூன் ப்ரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களின் அளவீடுகளை ஒப்பிட்டார். தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளை அவை எந்த அளவில் தருகின்றன என்பதற்கும் விலைக்கும் தொடர்பே தெரியவில்லை. விலை கூடினால் உழைக்கும் காலம், சொகுசு, கட்டுமானம் கூடலாம். சத்தமும் கூடவே நன்றாகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நீங்களும் செய்து பார்க்கிறதா இருந்தா ரெண்டு விஷயம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும், அதுவும் திரும்ப எடுக்கக்கூடியதா இருக்கட்டும். முதலில் ஒரு பக்கம் மட்டும் செய்து, இரண்டு காதையும் ஒப்பிடுங்க. உள்ளே பேட்டரி இருப்பதைத் தயவுசெய்து பிரிக்காதீங்க.

கடைசியா ஒண்ணு. இந்தக் கதை முழுக்க நடக்கக் காரணம், அந்தப் பொருள்களை அவங்களால திறக்க முடிந்தது. காதுக்குள் செருகும் இன்றைய வயர்லெஸ் கருவிகள் பெரும்பாலும் பசையால் ஒட்டி மூடப்பட்டவை. திறந்தால் உடையும். சத்தம் பிடிக்கலைன்னா செயலியில் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம், இல்லைன்னா தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாம். அடுத்த முறை கடையில் ஹெட்ஃபோனைக் கையில் எடுக்கும்போது, விலைச் சீட்டைப் பார்த்த பிறகு, ஸ்க்ரூ இருக்கான்னும் ஒரு தடவை திருப்பிப் பாருங்க.