உதைத்தவர் தடுக்கக் கற்றுக்கொடுத்த கதை

மலருக்கு விளையாட்டு வரலாறு ஏதாவது எழுதுங்கள் என்றார்கள். கிரிக்கெட்டுக்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் ரக்பியை எடுத்துக்கொண்டேன். "அது ஹெல்மெட் மாட்டிக்கிட்டு முட்டிக்கிறதுதானே சார்?" என்று மாணவத் தம்பி ஒருவர் கேட்டார். அது அமெரிக்கக் கால்பந்து, தம்பி. ரக்பியில் அந்தக் கவசமெல்லாம் கிடையாது. பந்தைக் கையால் முன்னால் வீசவும் கூடாது.

இந்த ஆட்டத்துக்குக் காசு ஒரு பழைய தகராறு. 1895-இல் வட இங்கிலாந்தின் ஆலை, சுரங்கத் தொழிலாளர்கள், ஆடப் போவதால் இழந்த கூலியையாவது கொடுங்கள் என்று கேட்டார்கள். மேல்தட்டுக்காரர்கள் மறுக்கவே, வடக்கத்திய கிளப்கள் தனியே பிரிந்தன. பிரிந்தது ரக்பி லீக். மிச்சம் நின்றது ரக்பி யூனியன். யூனியனில் வெளிப்படையாகச் சம்பளம் வாங்க மேலும் நூறு வருஷம், அதாவது 1995 ஆகஸ்ட் வரை, ஆனது. அதுவரை ஆட்டக்காரன் டாக்டராகவோ, வங்கி ஊழியராகவோ, விவசாயியாகவோ இருந்தான். பூட்ஸைக் கழற்றினாலும் பிழைப்பு இருந்தது. சம்பளத்துக்கு ஆடத் தொடங்கியபின்தான் "முப்பத்தஞ்சு வயசுக்கு அப்புறம் என்ன?" என்ற கேள்வி வந்தது. விளையாட்டுக் கோட்டாவில் சேர்ந்த நம் பிள்ளைகளுக்கும் அந்தக் கேள்வி புதிதல்ல.

அந்த முதல் தலைமுறையில் வந்தவர் அயர்லாந்தின் ரோனன் ஓகாரா. 1977-இல் பிறந்தார், கார்க் நகரக் கல்லூரியில் படித்தார், 1997-இல் மன்ஸ்டர் அணிக்கு ஆட வந்தார். பத்தாம் எண் சட்டை. ஆட்டத்தை நடத்துவதும் கோலுக்கு உதைப்பதும் அவர் பொறுப்பு. 2000-இல் ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியில் மன்ஸ்டர் 8-9 என்று ஒரே புள்ளியில் தோற்றது. ஒரு பெனால்டி உதை உள்ளே போனால் மூன்று புள்ளி. ஓகாரா அன்று தவறவிட்டது நான்கு! 2002 இறுதியிலும் தோல்விதான். 2006, 2008 என இரண்டு முறை கோப்பை வந்தது. அயர்லாந்துக்காக 128 ஆட்டம், 1083 புள்ளி.

2009 ஒன்றே போதும், இவரைப் புரிந்துகொள்ள. மார்ச்சில் கார்டிஃபில் வேல்ஸுக்கு எதிராக 78-ஆவது நிமிஷம் ஒரு டிராப் கோல். 17-15 என வென்று, 61 வருஷம் கழித்து அயர்லாந்துக்கு கிராண்ட் ஸ்லாம். ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடியது. ஜூனில் பிரிட்டன்-அயர்லாந்து கூட்டணியான லயன்ஸுக்காகத் தென்னாப்பிரிக்காவில், பிரிட்டோரியாவில், மாற்று ஆளாக இறங்கினார். ஜாக் ஃபூரி இவரை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் டிரை வைத்தார். கடைசியில் ஸ்கோர் 25-25. ஓகாரா உயர உதைத்த பந்தைத் தானே துரத்திப் போய், அந்தரத்தில் இருந்த எதிரணிக்காரர் மேல் மோதினார். பெனால்டி. மோர்னே ஸ்டெய்ன் தன் பாதியிலிருந்தே உதைத்து உள்ளே போட்டார். தொடரே போச்சு.

எதிரணிகள் இவர் நிற்கும் இடம் பார்த்தே ஓடி வருவது ஊரறிந்த விஷயம். ஆளைத் தடுத்துச் சாய்ப்பதில் இவர் சூரர் அல்லர். அப்படிப்பட்டவர் 2013-இல் ஓய்வு பெற்று, பாரிஸ் போய், ரேசிங் கிளப்பில் உதவிப் பயிற்சியாளராகி, தடுப்பாட்டத்தைக் கற்றுக்கொடுத்தார்! எனக்கு இது முரணாகத் தோன்றவில்லை. உடம்பு பலத்தால் தடுத்தவனுக்கு எப்படித் தடுத்தோம் என்று சொல்ல வராது. எங்கே நிற்க வேண்டும் என்று யோசித்தே பிழைத்தவனுக்குச் சொல்ல வரும். 2016 பிரெஞ்சு இறுதிப் போட்டி பார்சிலோனாவில், 99,124 பேர் முன்னிலையில் நடந்தது. 18-ஆவது நிமிஷத்திலேயே ரேசிங்கின் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். மீதிப் பதினான்கு பேர் தாக்குப்பிடித்து, தூலோனை 29-21 என வென்றார்கள்.

சொந்த ஊரான மன்ஸ்டரில் கேட்டால் உடனே நாற்காலி போட்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர் 2018-இல் இன்னும் தூரம் போனார்: நியூசிலாந்தின் க்ரூசேடர்ஸில் ஸ்காட் ராபர்ட்சனுக்கு உதவியாளர். இரண்டு வருஷம், இரண்டு சாம்பியன் பட்டம்.

பிறகு 2019-இல் பிரான்ஸின் மேற்குக் கரைத் துறைமுக ஊரான லா ரோஷெல். 2021-இல் ஐரோப்பிய இறுதி, பிரெஞ்சு இறுதி இரண்டிலும் துலூஸிடம் தோல்வி. நடுவர்களோடு வாய் கொடுத்து 2022-இல் தடையும் வாங்கினார். வாய் மட்டும் கடைசிவரை அடங்கவில்லை. ஆனால் அதே 2022-இல் மார்செய்யில் ஐரிஷ் அணியான லென்ஸ்டரை 24-21 என வென்று, லா ரோஷெலின் முதல் ஐரோப்பியக் கோப்பையைப் பெற்றுத் தந்தார்.

2023-இல் மறுபடி லென்ஸ்டர். இந்தத் தடவை இறுதிப் போட்டி டப்ளினில், அவர்கள் சொந்த மண்ணில். கால்மணி நேரம் ஆவதற்குள் 17-0 என்று பின்தங்கிய லா ரோஷெல், 27-26 என முடித்தது. பழைய மைதானத்தை இடித்துக் கட்டியிருந்தார்கள். இடம் மட்டும் அதேதான். 2000 பிப்ரவரியில் ஓகாரா அயர்லாந்துக்காக முதன்முதலில் ஆடியது அங்கேதான்.