சுத்தி வந்த கூடை: பின்லாந்து குழந்தைப் பெட்டிக்கு முன்னாடி நடந்த கதை

பின்லாந்து குழந்தைப் பெட்டி பத்தி நீங்க ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பீங்க. ரீல்ஸ்ல அடிக்கடி வரும். ஒரு அட்டைப்பெட்டி, உள்ள குட்டிக் குட்டி உடுப்பு, குளிருக்குக் கோட்டு, அடியில ஒரு மெத்தை. துணியெல்லாம் வெளிய எடுத்துட்டா அந்தப் பெட்டியே தொட்டில். இதை அரசாங்கம் கண்டுபிடிச்ச திட்டம்னுதான் பெரும்பாலும் சொல்றாங்க. சட்டம் வந்தது 1937ல, நடைமுறைக்கு வந்தது 1938ல. ஆனா அதுக்கு 16 வருஷம் முன்னாடியே அந்த நாட்டுல ஒரு கூடை வீடு வீடா சுத்த ஆரம்பிச்சிருந்தது. இன்னைக்கு அந்தக் கூடையோட கதை.

முதல்ல அந்த நாடு அப்போ எப்படி இருந்ததுன்னு பார்த்துடலாம். 1917 டிசம்பர்ல ரஷ்யாகிட்டேர்ந்து விடுதலை. அடுத்த மாசமே உள்நாட்டுப் போர். ஒரு பக்கம் சிவப்பு அணி, தொழிலாளர்கள், நிலமில்லாதவங்க. இன்னொரு பக்கம் வெள்ளை அணி, அதுக்குத் தலைமை ஜெனரல் மன்னர்ஹெய்ம். சில மாசத்துலயே போர் முடிஞ்சுது. ஆனா சுமார் முப்பது லட்சம் பேர் இருந்த நாட்டுல, சிறை முகாம்கள்ல செத்தவங்களையும் சேர்த்தா, 30,000 பேருக்கு மேல போயிட்டாங்க. ஜெயிச்சது வெள்ளை அணி.

1920 அக்டோபர் 4ஆம் தேதி ஒரு குழந்தைகள் நலச் சங்கம் தொடங்குறாங்க. பேரு? மன்னர்ஹெய்ம் சங்கம். ஆமா, அதே ஜெனரல் பேருதான். அப்பாவைப் பறிகொடுத்த ஒரு சிவப்பு அணி வீட்டுல அந்தப் பேரு எப்படிக் கேட்டிருக்கும்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. எந்தக் குடும்பம்னு பார்க்காம நாட்டுல உள்ள எல்லாக் குழந்தைக்கும் வேலை செய்யணும்ங்கிறதுதான் சங்கத்தோட நோக்கம். சொல்றது சுலபம். அந்த வாசல்ல போய் நிக்கணுமே.

இதுல முக்கியமான ஆள் ஜெனரல் இல்ல, அவரோட அக்கா சோஃபி மன்னர்ஹெய்ம். லண்டன்ல நைட்டிங்கேல் ஆரம்பிச்ச பள்ளியில செவிலியர் பயிற்சி எடுத்தவங்க. கூடவே ஆர்வோ யூல்ப்போன்னு ஒரு குழந்தை மருத்துவர். குறைமாசக் குழந்தைகளைப் பத்தி ஜெர்மனியில ஆராய்ச்சி பண்ணிட்டுத் திரும்பினவர். (இவர் 104 வயசு வரைக்கும் இருந்தார், அது தனி எபிசோட்.)

1922ல இந்தச் சங்கம் தொடங்கினதுதான் 'கியெர்த்தோகோரி'. அப்படியே தமிழ்ல சொன்னா சுற்றுக்கூடை. குழந்தைக்கு உடுப்பு, படுக்கைத் துணி, பராமரிப்புக்கு வேண்டிய சாமான்னு ஒரு கூடையில வெச்சு, வசதியில்லாத வீட்டுல பிரசவம்னா கொண்டுபோய்க் குடுப்பாங்க. இனாம் இல்ல, இரவல். குழந்தை வளர்ந்ததும் கூடை திரும்பி வரணும், அடுத்த வீட்டுக்குப் போகணும்.

கிராமத்துல நிறைய பிரசவம் சவுனாவுலதான் நடந்தது. சவுனான்னா நமக்கு ஹோட்டல் சொகுசு. அவங்களுக்கு அது குளியல் அறை; வெந்நீர் கிடைக்கிற, கதகதப்பான, வீட்டுலயே சுத்தமான இடம். இடம் இருந்தது, சுத்தமான துணிதான் இல்ல.

இரவல்ங்கிற யோசனையில ஒரு கணக்கு இருக்கு. பிறந்த குழந்தையோட சட்டை சில வாரத்துலயே சின்னதாயிடும். கிழியறதுக்கு முன்னாடியே பத்தாமப் போயிடற உடுப்பு அது ஒண்ணுதான். அதனால ஒரே கூடை நிறைய வீட்டுக்குப் போகலாம். கையில காசு கம்மியா இருக்கிற சங்கத்துக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

ஆனா இரவல்னா வேலை ஜாஸ்தி. எது எங்க இருக்குன்னு கணக்கு வெக்கணும். காசநோய் பரவலா இருந்த காலம் வேற, துணியைக் கொதிக்க வெச்சுத் துவைக்காம அடுத்த வீட்டுக்கு அனுப்ப முடியாது. வாங்கினவங்களுக்கும் ஒரு பதட்டம்: கறை படிஞ்சுட்டா? கறை படியாத குழந்தைத் துணின்னு உலகத்துல ஒண்ணு இருக்கா என்ன! என்னைக் கேட்டா, இருந்தாலும் இரவலுக்கு ஒரு மரியாதை உண்டு. தானம் வாங்கினவங்க தலை குனியணும். இரவல் வாங்கினவங்க நல்லபடியா திருப்பிக் குடுத்துட்டு நிமிர்ந்து நடக்கலாம்.

கூடை வந்த அதே 1922ல ஹெல்சின்கியில முதல் தாய்சேய் ஆலோசனை மையமும் திறந்தாங்க. அதுக்குப் பேரு நெயுவோலா. காசு வாங்காம குழந்தையை எடை போட்டுப் பார்த்து, எப்படிப் பார்த்துக்கணும்னு சொல்லிக்குடுக்கிற இடம். கூடையைவிட இதுதான் பெரிய விஷயம்னு நான் நினைக்கிறேன். ஏன்னு சொல்றேன்.

1930கள்ல பின்லாந்துல பிறந்த ஆயிரம் குழந்தைகள்ல சுமார் 65 குழந்தை ஒரு வயசுக்குள்ள இறந்துச்சு. பிறப்பு விகிதமும் இறங்கிட்டு இருந்தது. அரசாங்கம் கவலைப்பட்டுக் கொண்டுவந்ததுதான் 1937 சட்டம். முதல்ல வருமானம் கம்மியான அம்மாக்களுக்கு மட்டும். பணமாவோ பொருளாவோ வாங்கிக்கலாம், திருப்பித் தர வேண்டாம். அந்த முதல் வருஷம் பிரசவமான பெண்கள்ல மூணுல ரெண்டு பங்கு பேர் தகுதி பெற்றாங்க. தைக்கத் தெரிஞ்ச அம்மாக்கள்னு பெட்டியில துணியாவே வெச்சிருந்தாங்க. போர்க்காலத்துல பருத்தி ராணுவத்துக்குப் போனதால காகிதப் படுக்கை விரிப்பு கூட வெச்சாங்க!

1949ல வருமான வரம்பை எடுத்தாங்க. பணக்காரர் வீட்டுக்கும் அதே பெட்டி. அதோட அது ஏழைங்களோட அடையாளமா இல்லாமப் போச்சு. ஆனா அப்போ ஒரு நிபந்தனையும் சேர்ந்தது: நாலாவது மாசம் முடியறதுக்குள்ள மருத்துவரையோ நெயுவோலாவையோ போய்ப் பார்க்கணும். இங்கதான் விஷயமே இருக்கு. 1944லயே ஒவ்வொரு ஊராட்சியும் நெயுவோலா நடத்தணும்னு சட்டம் போட்டுட்டாங்க. 'ஒரு அட்டைப்பெட்டி குழந்தைகளைக் காப்பாத்திடுச்சு'ன்னு வர்ற தலைப்புகள் பாதிக் கதைதான் சொல்லுது. பெட்டி அம்மாவை வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்தது. உள்ள ஒரு செவிலியர் உட்கார்ந்திருந்தாங்க. அந்த செவிலியர் இல்லாம பெட்டியை மட்டும் காப்பியடிச்சா கிடைக்கிறது நல்ல பரிசு, அவ்வளவுதான்.

உங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல "குழந்தை சாமான் பகிர்ந்துக்கலாமா"ன்னு யாராவது ஆரம்பிச்சா, அவங்க நிக்கிறது 1922ல. யார் துவைக்கிறது, யார் கணக்கு வெக்கிறது, கேக்கத் தயங்குற வீட்டுக்கு யார் போறதுங்கிற கேள்விகள் அப்பவும் இதேதான்.

சட்டம் வந்ததும் மன்னர்ஹெய்ம் சங்கம் கடையைச் சாத்தலை. இன்னைக்கும் அதோட உள்ளூர்க் கிளைகள் குடும்ப காஃபி சந்திப்பு நடத்துது. கைக்குழந்தையோட வீட்டுலயே அடைஞ்சு கிடக்கிறவங்க வந்து, ஒரு காஃபி குடிச்சுட்டு, மத்த அம்மா அப்பாக்களோட பேசிட்டுப் போவாங்க.