தானியங்கிக் கியர்ப்பெட்டி எண்ணெயில் மாசு: பழைய வண்டிகளில் அதை அறியும் முறை

1. வரையறை

தானியங்கிக் கியர்ப்பெட்டியின் எண்ணெய் விசையைக் கடத்துகிறது, கிளட்ச் தகடுகளை அழுத்திப் பிடிக்கிறது, மசகாகிறது, வெப்பத்தையும் அகற்றுகிறது. அதற்கு உரியதல்லாத எப்பொருள் கலந்திருப்பினும் அதை மாசு என்கிறோம். வெப்பத்தால் எண்ணெய் தானே கெடுவது முதிர்வு, அது வேறு. முதிர்ந்த எண்ணெய் கறுத்துத் தீய்ந்த வாடை வீசும். சில எண்ணெய்கள் நலமாக இருக்கும்போதே கறுத்துவிடுவதால் நிறத்தை மட்டும் நம்பி முடிவுகட்டலாகாது.

2. வகைகள்

பெட்டிக்குள்ளேயே பிறப்பது அகமாசு; வெளியிலிருந்து புகுவது புறமாசு. அடித்தட்டின் காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை படிவது இயல்பே. விரலுக்குத் தட்டுப்படும் சில்லுகள் அகமாசின் முற்றிய நிலை. அலுமினியமும் பித்தளையும் காந்தத்தில் ஒட்டா. ஆகவே தட்டின் அடிப்படிவையும் வெளிச்சத்தில் ஆராய வேண்டும்.

3. குளிர்நீர் கலத்தல்

எஞ்சினைக் குளிர்விக்கும், கிளைக்கால் கலந்த குளிர்நீர் எண்ணெயில் சேர்வதே புறமாசுகளில் கொடியது. பல வண்டிகளில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழல் ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள்ளேயே அமைந்திருக்கிறது. அங்கு வெடிப்பு விழுந்தால் இரு திரவங்களும் சந்திக்கும். வண்டி ஓடுகையில் எண்ணெயின் அழுத்தம் மிகுதியாகையால் அது பெரும்பாலும் குளிர்நீருக்குள் செல்லும். எஞ்சினை நிறுத்தியதும் எண்ணெயின் அழுத்தம் விழுந்துவிடும். சூடான குளிர்நீரின் அழுத்தம் எஞ்சியிருக்கும். அந்த இடைவேளையில்தான் நீர் பெட்டிக்குள் புகுகிறது. அமெரிக்காவில் விற்ற 2005 முதல் 2010 வரையிலான நிசான் பாத்ஃபைண்டர், ஃபிரான்டியர், எக்ஸ்டெரா வண்டிகளில் இக்கோளாறு பரவலாகத் தெரியவந்தது. ரேடியேட்டருக்கான உத்தரவாதத்தை நிறுவனம் நீட்டித்தது.

4. நிலைகள்

முதலில் எண்ணெய் இளஞ்சிவப்புப் பால்மமாகிறது. அடுத்து, கிளட்ச் தகட்டின் காகித உராய்வுப் படலத்தை எஃகோடு பிணைத்திருக்கும் பசையை நீரும் கிளைக்காலும் இளக்குகின்றன. வண்டி அதிர்கிறது, பின் கியர் வழுக்குகிறது, முடிவில் படலம் உரிந்து வருகிறது. இந்நிலையில் எண்ணெயை மாற்றுவது பயன் தராது என்பது எம் துணிபு.

5. தேர்வு

சூடேறிய தகட்டில் ஒரு துளி எண்ணெயை இடுக. படபடவென வெடித்தால் நீர் உண்டு. வெடிக்காவிட்டாலும் ஐயம் தீர்ந்ததாகக் கொள்ளலாகாது. நீர் ஆவியாகிக் கிளைக்கால் மட்டும் தங்கியிருக்கக்கூடும். அதை ஆய்வகமே கூறும். குளிர்நீரின் சேர்க்கைப் பொருள்களிலுள்ள சோடியமும் பொட்டாசியமும் எண்ணெயில் மிகுந்திருப்பது தக்க சான்று.

மாசு உண்டெனத் தெளிந்தபின், அது புகுந்த வழியைக் காண வேண்டும். எண்ணெய்க் குழாய்கள் இரண்டையும் ரேடியேட்டரிலிருந்து கழற்றி, குளிர்நீர்த் தொகுதிக்குள் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றுக. கழற்றிய வாயில் குளிர்நீர் கசிந்தால் வெடிப்பு அத்தொட்டிக்குள் இருக்கிறது. கசியாவிட்டால் கியர்ப்பெட்டியின் காற்றுத்துளை வழியே வெள்ளநீர் புகுந்ததா என அடுத்து ஆராய வேண்டும்.