போடியில் ஒரு கடல்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஏலக்காய்க்கும் ஏலத்துக்கும் பேர்போன போடிநாயக்கனூர்தான் நமக்குச் சொந்த ஊர். ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்குள்ள காலை வைக்கலை, அக்கா பையன் குண்டைப் போட்டான்.

"மாமா, நம்ம வீட்ல சுறா வளர்க்கலாமா?"

செல்போன்ல எவனோ வெளிநாட்டுக்காரன் ஹாலில் கண்ணாடித் தொட்டி கட்டி குட்டிச் சுறா விட்டிருக்கிறதைப் பார்த்திருக்கான். மச்சான் ஏலக்காய் வியாபாரி. "ஆகுற செலவு ஆகட்டும் மாப்ள. நீதான் இன்ஜினியராச்சே, கணக்குப் போட்டுச் சொல்லு"ன்னுட்டார். கணக்குப் போட உட்கார்ந்தவன் சரித்திரத்துல போய் மாட்டிக்கிட்டேன்.

முதல்ல ஒரு சின்ன கொசுவத்தி. ஒன்பதாவது படிக்கும்போது நானும் 'சுறா' வளர்த்தவன்தான்! கடையில ரெட் டெயில் ஷார்க்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. கருப்பு உடம்பு, ரத்தச் சிவப்பு வால். தெருப்பசங்க எல்லாம் வரிசையில நின்னு பார்த்துட்டுப் போனாங்க. ஒருநாள் தொட்டியை மொத்தமா கழுவி, குழாய்த் தண்ணியை அப்படியே பிடிச்சு ஊத்தினேன். மறுநாள் காலையில மிதந்துச்சு. தண்ணியில குளோரின் இருக்கும், பழைய தண்ணியில பாதியையாவது வைக்கணும்னு எல்லாம் அப்ப தெரியாது. தப்பு முழுக்க என்னோடது.

அது சுறாவே இல்லைங்கிறது ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது. நம்ம கெண்டை வகையறா, தாய்லாந்து ஆத்து மீன். 1931-ல ஹியூ ஸ்மித்ங்கிறவர் அதுக்கு அறிவியல் பேர் வச்சார். உலகம் பூரா பண்ணையில லட்சக்கணக்கில் வளர்த்து விக்கிறாங்க. ஆனா சொந்த ஆத்துல? 1996-ல 'இயற்கையில் அழிந்தது'ன்னே பட்டியல்ல எழுதிட்டாங்க. அப்புறம் சாவ் பிரயா ஆத்துப் பக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதைக் கண்டுபிடிச்சதால, 2011-ல பட்டியலைத் திருத்தினாங்க. போன உயிர் திரும்பி வந்த கதை.

சரி, மேட்டருக்கு வருவோம். வீட்டுக்குள்ள கடலை வைக்கிற கிறுக்கு எப்ப ஆரம்பிச்சது?

1846-ல அன்னா தைன்னு ஒரு அம்மா இங்கிலாந்துக் கடற்கரையிலேர்ந்து பவளங்களை லண்டன் வீட்டுக்குக் கொண்டுவந்தாங்க. பம்பு கிடையாது. தண்ணிக்குக் காத்து வேணுமே? வீட்டு வேலைக்காரப் பெண் தினமும் சன்னலோரம் நின்னு அரைமணி நேரத்துக்கு மேல, நம்ம மாஸ்டர் டீ ஆத்துற மாதிரி, கடல் தண்ணியை ஆத்திக்கிட்டே இருக்கணும். அந்தப் பொண்ணோட கைதான் முதல் ஏர் பம்பு! 1854-ல பிலிப் ஹென்றி காஸ் 'தி அக்வேரியம்' புத்தகம் போட, லண்டன்ல வீட்டுக்கு வீடு தொட்டி வந்தது. உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் செய்ற பக்குவத்தையும் அவர் எழுதினார். 1960-கள்ல அமெரிக்காவில் அது பாக்கெட் உப்பாவே கடைக்கு வந்துடுச்சு. கடலே பார்க்காத ஊர்லயும் கடல் மீன் வளர்க்கலாம்னு ஆனது அப்புறம்தான்.

நம்ம பக்கமும் சும்மா இல்லை. மெட்ராஸ் மியூசியத்துக்குத் தலைமையா இருந்த எட்கர் தர்ஸ்டனோட யோசனையில, 1909-ல மெரினாவில் கடல்மீன் காட்சியகம் திறந்தாங்க. இந்தியாவிலேயே அதான் முதல். அவங்களுக்கு உப்புப் பாக்கெட் வேண்டாம், ரோட்டுக்கு அந்தப் பக்கம் வங்கக்கடலே இருந்தது. 1942-ல ஜப்பான்காரன் குண்டு போடுவான்ங்கிற பயத்துல மூடினாங்க. அவ்வளவுதான், அப்புறம் திறக்கவே இல்லை.

அதே 1942-ல போரைக் காரணம் காட்டி எங்க மதுரை–போடி ரயிலையும் நிறுத்தினாங்க. 1928-ல வந்த ரயில் அது. 1950-கள்ல திரும்ப ஓடுச்சு. அகலப்பாதைக்காக 2010 கடைசியில மறுபடி நின்னு, 2023 ஜூன்ல மறுபடி வந்துச்சு. ரெண்டு தடவை போய், ரெண்டு தடவையும் வந்துடுச்சு.

இப்ப மாப்பிள்ளையோட சுறா. வீட்டுத் தொட்டிக்குன்னு விக்கிறது பெரும்பாலும் பேம்பூ ஷார்க், மூங்கில் சுறான்னு வச்சுக்குவோம். பெரிய சுறாக்கள்ல பலதுக்கும் நீந்திக்கிட்டே இருந்தாத்தான் மூச்சு. இது தரையில படுத்தபடியே வாயால தண்ணியை இழுத்து செவுள் வழியா விடும். அதனாலதான் தொட்டிக்குள்ள தாக்குப்பிடிக்குது. முட்டையிலேர்ந்து வரும்போது ஒரு சாண்கூட இருக்காது. வளர்ந்தா ஒரு மீட்டர்!

ஆயிரம் லிட்டர் தொட்டின்னு குறைச்சலாவே வைப்போம். லிட்டருக்கு 35 கிராம் உப்பு, ஆக 35 கிலோ. மாசம் அஞ்சுல ஒரு பங்கு தண்ணி மாத்தணும், மாசாமாசம் 7 கிலோ. தண்ணி எடை மட்டும் ஒரு டன்னுக்கு மேல, மாடியில வைக்க முடியாது. கரண்ட் போனா இன்வெர்ட்டர். மத்த மீனுக்குப் போடுற தாமிர மருந்து இதுக்கு விஷம். ரத்தத்துல யூரியாவைத் தேக்கிவச்சு, கடல் உப்புக்கு ஈடு கொடுத்து நிக்கிற உடம்பு அது. கொட்டகுடி ஆத்துத் தண்ணியில விட்டா செத்துடும். இத்தனையும் பண்ணினாலும், ஒரு மீட்டர் சுறாவுக்கு ரெண்டு மீட்டர் நீளத் தொட்டிங்கிறது ஜெயில்தான்.

"செலவைப் பத்திக் கவலைப்படாதே மாப்ள"ன்னு மச்சான் மறுபடி ஆரம்பிச்சார். அப்பதான் அவங்களுக்கு இன்னொரு சுறாவைப் பத்திச் சொன்னேன்.

பாண்டிச்சேரி சுறான்னு ஒண்ணு. 1839-ல அறிவியல் உலகத்துக்கு அறிமுகமாச்சு. நம்ம கரையோட பேரையே வச்சிருக்கு. அதுவும் சின்னச் சுறாதான், சுமார் ஒரு மீட்டர். எந்தத் தொட்டியிலும் யாரும் அடைக்கலை. கரையோரமா வாழ்ந்து வலையில சிக்கியே குறைஞ்சு போச்சு. உறுதியா பதிவான கடைசி மாதிரி 1979-ல கிடைச்சது. 2001-ல வன உயிரினச் சட்டத்தோட முதல் அட்டவணையில சேர்த்து, பிடிச்சா குற்றம்னு ஆக்கினாங்க. பிடிக்கிறதுக்குத்தான் கண்ணுல ஒண்ணும் படலை.

ரயில் வந்துச்சு. சிவப்பு வால் மீனும் வந்துச்சு. இது?

பய கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "மாமா, மூங்கில் சுறா நம்ம கடல்ல இருக்கா?"ன்னான். இருக்குடா, மன்னார் வளைகுடாவிலேயே அந்த இனம் இருக்கு. போடியிலேர்ந்து மண்டபம் சுமார் 240 கிலோமீட்டர். பெரிய லீவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். சுறாவைப் பார்க்கிறோமோ இல்லையோ, அவன் கடலைப் பார்த்ததே இல்லை. முதல்ல அதைப் பார்க்கட்டும்.

டிஸ்கி: மச்சான் தொட்டி வாங்கித் தந்துட்டார். நல்ல தண்ணித் தொட்டி, நாலு கப்பி மீன். தண்ணி மாத்துறப்ப பாதி மட்டும்தான் மாத்தணும்னு செவத்துல எழுதி ஒட்டிட்டு வந்திருக்கேன்.