யாருக்கு எந்தப் பாடம்?

தூத்துக்குடி என்றதும் முத்தும் உப்பும் துறைமுகமும் நினைவுக்கு வரும். புத்தகம் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் தமிழ் எழுத்தில் முதன்முதலாக அச்சேறிய புத்தகங்கள், இந்த முத்துக்குளித்துறைப் பரதவ ஜனங்களை மனத்தில் வைத்தே எழுந்தவை. அவற்றை வரிசையாக அடுக்கிப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. கற்பவனுக்கு ஏற்றபடி பாடத்தை மாற்றுவது எப்படி என்று இந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் நிபுணர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்களே, அந்தக் கேள்வி நானூறு வருஷங்களுக்கு முன்பே இந்தக் கரையில் எழுந்துவிட்டது.

1542-ல் சவேரியார் இங்கே வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரு பாஷையும் அறிந்தவர்களைக் கூட்டி வைத்து, மிகுந்த சிரமத்தோடு செபங்களைத் தமிழாக்கினார். பிறகு கையில் மணியை அடித்துக்கொண்டு போய்ச் சிறுவர்களையும் பெரியவர்களையும் ஒன்று சேர்த்தார். அவர் சொல்ல, அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். கற்ற சிறுவர்கள் வீட்டிலே தாய் தந்தையருக்கும் சொல்லித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. கிழவருக்கும் குழந்தைக்கும் ஒரே பாடந்தான். ஆரம்பத்துக்கு அது போதும். ஆனால் மனப்பாடம் வேறு, மனத்தில் படிவது வேறு அல்லவா?

அடுத்து வந்தவர் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார். 1547 முதல் 1600-ல் உயிர் நீத்தது வரை, ஐம்பது வருஷத்துக்கு மேல் இந்தக் கரையோடு ஒன்றிப் போனவர். முதலில் அவரே மாணாக்கர் ஆனார், தமிழைப் படித்தார். பின்னால் வரும் பாதிரியார்களுக்காகப் போர்த்துக்கீசிய பாஷையில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். அவர்கள் லத்தீன் படித்தவர்கள். ஆகவே தமிழ் வேற்றுமைகளையும் வினைச் சொற்களையும் லத்தீன் இலக்கணத்தின் சட்டத்திலே பொருத்திக் காட்டினார். மாணாக்கனுக்குத் தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அழைத்துச் செல்லும் வழி அது.

ஊர் ஜனங்களுக்கு வேறு வழி. 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம். புதிதாகக் கற்பவனுக்குப் போதுமானது. மறு வருஷம் கொச்சியில் அச்சான 'கிரிசித்தியானி வணக்கம்' அதைவிடப் பெரியது. அதில் குரு கேட்கிறார், சீடன் பதில் சொல்கிறான். 1580-ல் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தமாகிறவர்களுக்கு ஒரு நூல். 1586-ல் நிதானமாக வாசிக்கக் கூடியவர்களுக்கு அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அர்ச்சியசிஷ்டர் வரலாறுகள். சமயம் ஒன்றே; புத்தகம் நான்கு.

ஆனால் அச்சான பக்கம் அச்சானதுதான். படிப்பவன் திகைத்து நின்றால் அது தன்னை மாற்றிக்கொள்ளாது. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1990-களில் பீட்டர் புருசிலோவ்ஸ்கி போன்றவர்கள் கம்ப்யூட்டரிடம் போனார்கள். ஒரு சொல்லைத் தொட்டால் இன்னொரு பக்கம் திறக்கும் திரைப் புத்தகங்கள் அப்போது பெருகி வந்தன. எந்தப் பக்கத்துக்குப் போவது என்று தெரியாமல் மாணாக்கன் வழி தவறினான். ஜெர்மனியின் டிரியர் நகரில் அவரும் கெர்ஹார்ட் வேபரும் மற்றவர்களும் உருவாக்கிய எல்ம்-ஆர்ட், லிஸ்ப் என்ற கம்ப்யூட்டர் பாஷையைக் கற்பித்தது. மாணாக்கன் எதைக் கற்றிருக்கிறான் என்று அது கணக்கு வைத்துக்கொண்டது. அவன் படிக்கத் தயாரான பாடத்துக்குப் பச்சைப் பொட்டு. இன்னும் தயாராகாததற்குச் சிவப்புப் பொட்டு.

1996-ல் இத்தகைய முயற்சிகளைத் தொகுத்து ஆராய்ந்த புருசிலோவ்ஸ்கி, மாணாக்கனைப் பற்றிக் கவனிக்க வேண்டியவற்றில் அவனுடைய அறிவோடு அவனுடைய குறிக்கோளையும் சேர்த்தார். எனக்கு இந்த இரண்டாவது விஷயம்தான் முக்கியமாகப் படுகிறது. ஹென்றிக்கஸ் தம் ஜனங்களின் அறிவை அளந்தார். குறிக்கோள் மட்டும் அவருடையதாகவே இருந்தது. முத்துக் குளிக்கும் பையனை எண்ணிப் பாருங்கள். காலில் கல்லைக் கட்டி ஆழத்தில் இறங்கவும், மூச்சு முட்டுமுன் கயிற்றை இழுத்துத் தோணிக்காரனுக்குச் சைகை கொடுக்கவும் தெரிந்தவன். கடலடியிலே எங்கே முத்துப் பார் இருக்கிறது என்று அறிந்தவர்களிடம் வளர்ந்தவன். அந்தக் கல்விக்கு அந்த நான்கு புத்தகங்களில் இடம் இல்லை. அவன் எதற்காகப் படிக்க விரும்பினான்? நியாயமான விலை பேசவா, கடிதம் எழுதவா, கடவுளை வணங்கவா? அவன் சொன்ன பதில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

இதற்காக அந்தப் பாதிரியாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜனங்களின் பாஷைக்கு இறங்கி வந்து அச்செழுத்தைத் தமிழுக்குத் தந்தவர் அவர். இன்றைய யந்திரங்களைக் கேட்கத்தான் ஆசை. மாணாக்கனுக்கு என்ன தெரியும் என்று அவை நுட்பமாகக் கணக்குப் போடுகின்றன. 'உனக்கு என்ன வேண்டும்?' என்றும் கேட்கின்றன. ஆனால் பெரும்பாலும் யாரோ முன்னரே எழுதி வைத்த பட்டியலிலிருந்துதான் அவன் பொறுக்க வேண்டும். கரையோரத்துப் பையன் ஒருவன் அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொன்னால், அதைக் காது கொடுத்துக் கேட்டு, அதற்கென்று ஒரு பாடம் எழுத ஒரு மனிதர் பக்கத்திலே இருக்க வேண்டும். பச்சைப் பொட்டும் சிவப்புப் பொட்டும் அதற்கு அப்புறம் வரட்டும்.