போர்முனையில் அளந்த வலி

காயத்தின் அளவுக்கு ஏற்பவே வலியும் பெருகும் என்பது வைத்தியர்கள் நெடுங்காலம் ஆராயாமலே ஏற்றுக்கொண்டிருந்த நம்பிக்கை. இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது இத்தாலியில், ஆன்சியோ முதலிய களங்களில் பணிபுரிந்த ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மயக்க மருந்து நிபுணர், எலும்பு முறிந்தும் வயிறு பிளந்தும் கிடந்த சிப்பாய்களிடம் வலியுண்டா, மருந்து வேண்டுமா என்று நேரில் விசாரித்துத் திரட்டிய விடைகளை 1946-இல் பிரசுரித்தபோது, அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது. ஏனெனில் பல மணி நேரமாக மார்பியா பெறாதிருந்தும் அவர்களில் முக்கால்வாசிப் பேர் மருந்து வேண்டாமென்றே சொல்லியிருந்தனர். அவர்கள் பிரக்ஞை மழுங்கியவர்களும் அல்லர். ரத்தநாளத்தில் ஊசியைச் செம்மையாக ஏற்றாவிட்டால் நம்மைப் போலவே சினந்து முறையிட்டவர்கள்தாம்!

பத்தாண்டுகள் கழித்து, சத்திர சிகிச்சை பெற்ற சாமானிய மக்களோடு பீச்சர் ஒப்பிட்டுப் பார்த்ததில், இவர்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் மருந்து கேட்டதாகக் கண்டார். சிப்பாய்க்குக் காயம் மரணபூமியிலிருந்து விடுதலை, சாமானியனுக்கோ அது பிழைப்பின் நாசம் என்பது அவர் கூறிய காரணம். அழகிய விளக்கந்தான், ஆயினும் வயதும் சூழ்நிலையும் வேறுபட்ட இரு சாராரை ஒரே தராசில் நிறுத்தியதால், அதை நிரூபணம் என்று கொள்ள என் மனம் ஒப்பவில்லை. ஒப்பீடு செம்மையாக இருக்கவேண்டும் என்பதில் அவருக்கும் அக்கறையுண்டு; மருந்துகளைச் சோதிக்கையில், மருந்து எது, வெறும் மாத்திரை எது என்பதை நோயாளியும் வைத்தியரும் அறியாதபடி பார்க்கவேண்டும் என்று அவரே வற்புறுத்தினார்.